இரண்டாவது கியரில் தெரியும் வண்டவாளம்

தில்லியின் பழைய கார், ஜீப் பிரியர்கள் பெயின்டுக்கும் குரோமுக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள். அரைகுறையாகப் பிரித்துப் பூட்டிய கியர்பாக்ஸ் அவர்களைப் பழிவாங்குகிறது.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லி பாரகம்பா சாலையில் ஸ்டேட்ஸ்மேன் ஹவுஸ் முன்பு பழைய கார்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் கன்னாட் பிளேஸ் பக்கம் போகிறவர்களுக்குப் போன வேலை மறந்துபோகும். ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் 1964ல் தொடங்கிவைத்த ஊர்வலம் இது. மகாராஜா வைத்திருந்த ரோல்ஸ்ராய்ஸும் வரும், வக்கீல் குமாஸ்தா வைத்திருந்த குட்டி ஆஸ்டினும் வரும். தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் செல்லப்பிள்ளையான 1914ஆம் ஆண்டு ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி தலைகாட்டினால் குழந்தைகளைப் பிடித்துவைக்க முடியாது. பித்தளை விளக்குகள் மின்ன, பானட்டில் பார்ப்பவர் முகம் தெரிய, தொப்பியும் டையுமாக உரிமையாளர்கள் கேமராக்களுக்குச் சிரிப்பார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மிஸ்திரிகள் மட்டும் வண்டிகளைப் பார்ப்பதில்லை. காது கொடுத்துக் கேட்கிறார்கள். கொடி அசைந்ததும் முதல் கியரில் உறுமிக்கொண்டு எல்லா வண்டியும் கிளம்பிவிடும். அதிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற ஒரு நொடியில்தான் விஷயம் வெளியே வரும். நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் சிலவற்றில். சத்தமில்லாமல் விழுந்து, வேகம் கூடக்கூட நாய் ஊளையிடுவதுபோல் ஒரு ராகம் சிலவற்றில். இன்னும் சிலவற்றில் கியர் நெம்புகோலைத் தொடையோடு அழுத்திப் பிடித்தபடியே உரிமையாளர் கையசைப்பார். பிடியை விட்டால் அது தானாகவே துள்ளி நியூட்ரலில் வந்து விழும் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் இந்த வண்டிகளில் பலவற்றின் கியர்பாக்ஸ் 'புத்தம் புதிதாக ஓவராயில் செய்யப்பட்டது'. சிக்கலே அதுதான்.

பழைய வண்டியை மீட்டெடுப்பவர்கள் பணத்தைச் செலவிடும் விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெயின்டுக்கு ஆறு மாதம் காத்திருக்கத் தயார். சீட்டுக்குத் தோல் தைக்க வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கத் தயார். கியர்பாக்ஸ் என்று வந்தால் மட்டும் பேரம் தொடங்கிவிடும். யார் கண்ணுக்கும் படாத ஓர் இரும்புப் பெட்டிக்கு எவ்வளவுதான் கொடுப்பது? விளைவு, வண்டியிலேயே மிகத் துல்லியமாகச் செய்யவேண்டிய வேலை மிக அவசரமாகவும் மலிவாகவும் நடந்து முடிகிறது.

தலைநகரில் இந்தத் தொல்லையைச் சுலபமாகப் பார்க்க வேண்டுமென்றால் ராஜாக்களின் கார்களைத் தேடிப் போக வேண்டாம். ஒரு பழைய ஜீப் போதும். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்ததும் இந்திய மண்ணில் மிஞ்சிக் கிடந்தவை 'டிஸ்போசல்' விற்பனையில் கைமாறின. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1953ல் வந்த, பானட் உயர்ந்த சிஜே-3பி மாடல் அங்கே கதை முடிந்த பிறகும் இங்கே பல காலம் தயாராகிக்கொண்டிருந்தது. கலெக்டர் வந்ததும் அதில்தான், மலேரியா மருந்தடிப்பவர் வந்ததும் அதில்தான், ஓட்டுக் கேட்டு வேட்பாளர் வந்ததும் அதில்தான். குடியரசின் முதல் முப்பது ஆண்டுகளில் 'அரசாங்கம்' என்பது கிராமத்துக்கு ஜீப் சத்தமாகவே வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்ட ஜீப்புகள் இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டன. பழசை விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். அரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப்புகளைப் பிரித்து மறுபடி பூட்டி, விதவிதமாக அலங்கரித்து விற்பதே ஒரு தொழில். அங்கிருந்து தில்லி வந்து சேரும் ஜீப்பின் டயர் புதிது, நிறம் புதிது, ஹாரன் புதிது. கியர்பாக்ஸுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் பரம ரகசியம்.

அந்த ரகசியம் புரிய, பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தாக வேண்டும். சிஜே-3பி ஜீப்பில் இருப்பது டி-90 என்ற மூன்று கியர் பெட்டி. எஞ்சினிலிருந்து ஒரு தண்டு உள்ளே வருகிறது. அதன் வாலில், சிறு உருளைகளின் மேல், மெயின் ஷாஃப்டின் தலை உட்கார்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் கீழே 'கிளஸ்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் பல்சக்கரக் கொத்து. பல சக்கரங்கள் ஒரே துண்டாகச் செய்யப்பட்டது. அதுவும் ஊசிபோன்ற உருளைகளின் மேல்தான் சுழல்கிறது. கொத்தின் இரு பக்கமும் வெண்கலத்திலும் எஃகிலும் ஆன வாஷர்கள். காசளவு வட்டம், நகத்தளவு கனம். முழுப் பெட்டியின் நிம்மதியும் இந்த வாஷர்கள் கையில்.

காரணம் இருக்கிறது. முதல் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. இரண்டாவதின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. சாய்ந்த பல் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் பாரம் ஏறும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம். இந்தத் தள்ளலைத் தாங்குவதுதான் வாஷர்களின் வேலை. கொத்து முன்னும் பின்னும் ஆடுவதற்கு அனுமதி உண்டு என்றாலும் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வாஷர் தேய்ந்தால், அல்லது கனம் மாறிய வாஷர் போட்டால், ஓட்டுநர் காலைத் தூக்கும்போதெல்லாம் கொத்து நகரும், அதனோடு பிணைந்த சக்கரமும் நகரும், கியர் கழன்றுகொள்ளும். இறக்கத்தில், எஞ்சின் பிடிப்பை நம்பி வண்டி இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் இது நடக்கும். நியூட்ரலில் விழுந்த பழைய ஜீப், அதுவும் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் வைத்தது, இறக்கத்தில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, அரைகுறை வேலை நடக்கும் விதம். பெட்டியை இறக்குகிறார்கள். டீசலில் கழுவுகிறார்கள். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டி பேரிங்குகளைக் கழற்றுகிறார்கள். உளி வழுக்கினால் அந்த வடு பேரிங் உட்காரும் இடத்தில் நிரந்தரமாக விழும். பார்த்தாலே தேய்ந்தது தெரிகிற ஒரு சக்கரம் மட்டும் மாற்றப்படும். அதனோடு முப்பது வருடம் குடும்பம் நடத்திய ஜோடிச் சக்கரம் பழையதே. தேய்ந்த பல்லும் தேயாத பல்லும் ஒன்றையொன்று கடிக்கும்போது எழுவதுதான் அந்த ஊளை. ஊசி உருளைகளில் இரண்டு கழுவும்போது எங்கோ உருண்டு போயிருக்கும். குறைந்தாலும் வண்டி ஓடத்தான் செய்யும், கொஞ்ச நாள். கியரைத் தன் இடத்தில் பிடித்துவைக்க மேல்மூடியில் ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடாமல் கையால் இழுத்து நீட்டி மறுபடி போடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு அது பிரமாதமாக வேலை செய்யும்.

கடைசியில் பேஸ்ட். ஆயில் கசியக் கூடாதே என்று மூடிகளுக்கெல்லாம் தாராளமாக அப்புகிறார்கள். முன் பேரிங்கை மூடும் தகட்டில், கசியும் ஆயில் பெட்டிக்கே திரும்பிப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. பேஸ்ட் அதை அடைத்துக்கொண்டால் ஆயில் முன்பக்கம் வழிந்து கிளட்ச் பிளேட்டை நனைக்கும். வண்டி உதறலெடுக்கும். பிறகென்ன, 'கிளட்ச் போயிடுச்சு' என்று அடுத்த பில்.

எல்லாம் முடிந்து வெளியே வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தால், பெட்டி ஷோரூமிலிருந்து வந்ததுபோல் இருக்கும்.

தேய்ந்துபோன கியர்பாக்ஸைவிட இப்படிப்பட்ட 'புது' கியர்பாக்ஸ் ஏன் மோசமானது என்பது இங்கேதான் தெரியும். தேய்ந்த பெட்டி உண்மை பேசும். எந்தப் பல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த வாஷரில் கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே, ஐம்பது வருடத்தில் அந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று தேர்ந்த மெக்கானிக் சொல்லிவிடுவார். அரைகுறையாகப் பூட்டிய பெட்டியில் அந்தச் சாட்சியங்களெல்லாம் அழிந்துவிடுகின்றன. பழைய வாஷர் எவ்வளவு கனம் இருந்தது? எந்தப் பக்கம் எது இருந்தது? கழற்றிய சாமான்கள் அன்று மாலையே காயலான் கடைக்குப் போயிருக்கும். அடுத்ததாகத் திறக்கிற மெக்கானிக் தேய்மானத்தோடு மட்டுமல்ல, முன்னவர் செய்த ஊகங்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அதற்காக மிஸ்திரியை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவர் படித்த பள்ளிக்கூடம் அப்படி. தில்லியில் ஒரு காலத்தில் ஓடிய ஃபட்ஃபட்டிகளை நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். போருக்குப் பின் மிஞ்சிய அமெரிக்க ராணுவ ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்பாதியை வெட்டி, இரண்டு சக்கரமும் பெஞ்சும் பொருத்தி, ஆறுபேர் எட்டுபேரை ஏற்றிக்கொண்டு பழைய தில்லிக்கும் கன்னாட் பிளேஸுக்கும் நடுவே புகை கக்கிக்கொண்டு ஓடின அவை. ஓட்டியவர்களில் பலர் பிரிவினையில் வீடிழந்து வந்த சீக்கியர்கள். பெட்ரோல் எஞ்சின் செத்தபோது டீசல் எஞ்சினை மாட்டினார்கள். எது உடைந்தாலும் இரவோடு இரவாகச் சரிசெய்ய வேண்டும். காலையில் வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. காற்று மாசு பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவுகளைத் தொடர்ந்து 1998ல் அவை சாலையை விட்டு அகற்றப்படும்வரை ஐம்பது ஆண்டுகள் அப்படியே ஓடின. அந்த ரிப்பேர் முறையை இளக்காரமாகப் பேச எவருக்கும் யோக்கியதை கிடையாது. நாளைக் காலை ஓடினால் போதும் என்ற நோக்கத்துக்கு அது மிகச்சரியான முறை. இன்னும் ஐம்பது வருடம் இருக்க வேண்டும் என்ற நோக்கத்துக்குத்தான் அது உதவாது. பழைய வண்டிக்காரர் இரண்டாவதை எதிர்பார்த்து முதலாவதற்கான கூலியைக் கொடுக்கிறார்.

சாமான் கிடைப்பதும் லேசு அல்ல. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ தில்லிக்கு மாயாபுரி அப்படி. 1970களில் மோதியா கானிலிருந்து இங்கே குடியேறிய பழைய இரும்பு வியாபாரத்தில் கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். (தில்லி பல்கலைக்கழகம் 2010ல் ஏலம்விட்ட கதிரியக்கக் கருவி ஒன்று இங்கே வந்து உடைபட்டு, ஒருவர் உயிரே போனது. மாயாபுரியில் எதுவும் வந்து சேரும் என்பதற்கு அதைவிடக் கொடூரமான சாட்சி வேண்டாம்.) புதுச் சாமானுக்குக் கஷ்மீரி கேட். இரண்டு இடத்திலும் ஜீப் கியர் கேட்டால் கிடைக்கும். கிடைப்பது எந்த ஜீப்பின் கியர் என்பதுதான் கேள்வி. போர்க்கால வில்லிஸில் இருந்தது டி-84 என்ற வேறு பெட்டி. டி-90க்குத் தம்பி மாதிரி இருக்கும், சாமான் மாறிப் பொருந்தாது. டி-90லேயே பல உட்பிரிவுகள், முன்தண்டின் நீளம் ஒன்றுக்கொன்று வேறு. கடைக்காரர் கையில் வைத்து எடை பார்த்து 'இதுதான் சார்' என்று கொடுப்பதை வாங்கி வந்தால், பாதி தூரம் பூட்டிய பிறகுதான் சமாசாரம் தெரியும். அமெரிக்காவில் இந்தப் பெட்டிக்கு இன்றும் புதிய உதிரிகள் செய்து விற்கிறார்கள். சுங்க வரியும் கப்பல் கூலியும் கொடுக்க மனமிருந்தால் அதுவே தலைவலி குறைந்த வழி.

ஜீப்காரருக்கு அந்த வழியாவது உண்டு. போருக்கு முந்திய பெரிய கார் வைத்திருப்பவர் பாடு இன்னும் திண்டாட்டம். கியர்களை வேகம் ஒத்துப்போகச் செய்து சத்தமில்லாமல் இணைக்கும் 'சிங்க்ரோமெஷ்' அமைப்பை அமெரிக்காவின் கேடிலாக் 1928ல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்திய கார்களில் நம்மூர் லாரி டிரைவர்கள் ஒரு காலத்தில் செய்த மாதிரி டபுள் கிளட்ச் போட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும். தெரியாதவர் கையில் கொடுத்தால் ஒரே மாலையில் பற்களின் முனை மழுங்கிவிடும். கடையில் வாங்க மாற்றுச் சக்கரம் கிடையாது. வெட்டித்தான் ஆக வேண்டும்.

லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் கோவையிலும் எந்தச் சக்கரத்தையும் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. வெட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. பழைய ஆங்கில, அமெரிக்கக் கார்களின் பற்கள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. ஒரு அங்குல விட்டத்துக்கு இத்தனை பல் என்று எண்ணுவார்கள். இன்றைய பட்டறைகளின் கட்டர்கள் மெட்ரிக்; 'மாட்யூல்' கணக்கு. அங்குலத்துக்குப் பத்துப் பல் என்பதை மெட்ரிக்கில் சொன்னால் மாட்யூல் 2.54. பட்டறையில் ரெடியாக இருக்கும் கட்டர் 2.5. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கையில் சுற்றிப் பார்த்தால்கூடச் சுற்றும். பெட்டிக்குள் போய் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பல்லும் தன் ஜோடியைக் கொஞ்சம் தவறான இடத்தில் சந்தித்து அலறும்.

வெட்டியதோடு ஆயிற்றா? பல்லின் மேல்தோல் கெட்டியாகவும் உட்பகுதி கொஞ்சம் இளகியும் இருக்கும்படி பதப்படுத்த வேண்டும். அவசரத்தில் முழுப் பல்லையும் கெட்டியாக்கினால் கண்ணாடிபோல் சில்லுச் சில்லாய் உடையும். பதப்படுத்தாமலே விட்டால் வெண்ணெய்போல் வழித்துக்கொண்டு போகும். விரிசல் விட்ட வார்ப்பிரும்புப் பெட்டியை வெல்டிங் வைப்பது இன்னொரு வம்பு. சூட்டில் பெட்டி இழுத்துக்கொண்டால் தண்டுகள் உட்காரும் துளைகள் நேர்கோட்டை விட்டு விலகும். அதன்பின் எத்தனை நல்ல சக்கரம் போட்டாலும் பலனில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு ஆயிலில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. பழைய பெட்டிக்கு 90 நம்பர் ஆயில் என்பது எல்லோருக்கும் தெரியும். டப்பாவில் அதற்கு அடுத்து எழுதியிருப்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரங்கள் இருக்கின்றன. நம்பர் பெரிதானால் ஆயிலும் உசத்தி என்று ஜிஎல்-5 வாங்கி ஊற்றுகிறார்கள். பின் ஆக்சிலில் பெரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் கந்தகம் கலந்த மருந்து அதிகம். சில வகைகளில் அந்த மருந்து பித்தளையையும் வெண்கலத்தையும் மெல்லத் தின்னும். டி-90ல் கியர்களை இணைக்கும் வளையங்கள் பித்தளை, வாஷர்கள் வெண்கலம். உசத்தியான ஆயிலே பெட்டிக்கு விஷமாகிவிடுகிறது. சத்தத்தை மறைக்க 140 நம்பர் ஆயிலை ஊற்றுவது விற்பவர்களின் தந்திரம். ஆயிலில் மரத்தூள் கலந்து ஊளையை அடக்குவது உலகமெங்கும் பழைய கார் வியாபாரத்தில் பேசப்படும் வித்தை. வாங்கியவர் வீடு போய்ச் சேரும்வரை பெட்டி வாய் திறக்காது.

ஆக, பணத்தைக் கொடுத்துக் கெட்ட வேலையை வாங்கியாயிற்று. இனி?

முதலில் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்பது மிஸ்திரிகளின் பிரசித்தி பெற்ற ஆறுதல். கியர்பாக்ஸில் ஓட ஓடச் சரியாவது எதுவுமில்லை; உதிர்ந்த ஒரு இரும்புத் துணுக்கு ஆயிலோடு சுற்றி வந்து நல்ல பேரிங்கையும் அரைத்துவிடும். சூடாக இருக்கும்போதே ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பொன்னிறத் தூள் என்றால் வளையமோ வாஷரோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் மெல்லிய சாம்பல் பசை எந்தப் பெட்டியிலும் இருக்கும். விரலில் குத்தும் துணுக்குகள் என்றால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

மீதிக் கதையைக் காது சொல்லும். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், சந்தேகம் முன் பேரிங் மீதும் கிளஸ்டர் மீதும். முதல் இரண்டு கியரில் ஊளையிட்டு டாப் கியரில் அடங்கினால் கிளஸ்டரேதான். டாப்பில் சக்தி நேராகப் போய்விடுவதால் கொத்துக்குப் பாரமில்லை. எல்லாக் கியரிலும் ஒரே ராகம் என்றால் ஜீப்காரர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கியர்பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. ஜீப்பில் எந்தக் கியரில் போனாலும் சக்தி அதன் பல்சக்கரங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. குற்றவாளி பக்கத்து வீட்டில் இருக்க, கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கி ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். இந்த இரு பெட்டிகளையும் இணைக்கும் இடத்தில், மெயின் ஷாஃப்டின் வாலில் ஒரு பெரிய நட்டு. அது தளர்ந்திருந்தாலே இரண்டாவது கியர் கழன்றுகொள்ளும். முழுப் பெட்டியையும் பிரிக்கும் முன் அதைப் பார்த்துவிடுவது புண்ணியம்.

மறுபடி பிரிக்கும்போது முறை மாற வேண்டும். ஒவ்வொரு சாமானும் கழலக் கழலப் படம் எடுத்து, எந்தப் பக்கத்து வாஷர் எது என்று எழுதித் தனித்தனிப் பொட்டலத்தில் போட்டு, கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொறுமைதான் வேண்டும். அதற்கு ஆகும் இரண்டு நாள் கூலியை யாராவது கொடுக்கவும் வேண்டும். கழற்றிய பழைய சாமானை வீட்டுக்கு எடுத்துப் போவதும் முக்கியம். பட்டறை வழக்கப்படி அது மிஸ்திரிக்குச் சேரும். கேட்டு வாங்குவதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிற உரிமையாளர்களே அதிகம். பிற்பாடு தகராறு என்று வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பொட்டலம்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் ரசீது? பழைய வண்டி உலகில் பில் கேட்பது, கல்யாண வீட்டில் மொய் எழுதியதற்கு ரசீது கேட்பது மாதிரி.

வெறுத்துப்போய் சிலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். பிற்கால மகிந்திரா டீசல் ஜீப்பின் நாலு கியர் பெட்டியைத் தூக்கி மாட்டிவிடுவது. சத்தம் போகும், உதிரி கிடைக்கும், ஓட்டவும் சுகம். சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் சுவாரசியம். மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டுக்கு மேலான, வாடகைக்கு விடப்படாத காரும் இரு சக்கர வாகனமும் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; மறுபதிவுக்கு 5,000; எண்ணில் 'விஏ' எழுத்துகள்; பத்து ஆண்டுக்குச் செல்லும். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது என்று நிபந்தனை. சேஸிஸ், பாடி, எஞ்சின் என்று வரிசையாகச் சொல்லும் விதி கியர்பாக்ஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பெட்டியைத் தேடி உரிமையாளர்கள் மட்டுமா மறந்தார்கள், சட்டம் எழுதியவர்களும்தான்! போட்டி நடுவர்கள் மறப்பதில்லை. அசல் தன்மைக்கு மதிப்பெண் போடுகிற இடத்தில் குனிந்து பார்க்கிற நடுவரிடம் நாலு கியர் நெம்புகோல் அகப்பட்டுக்கொள்ளும்.

தில்லிக்காரருக்கு அந்தப் பதிவு வெறும் கௌரவமும் அல்ல. பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014லும் 2015லும் பிறப்பித்த உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதிசெய்தது. அதன் கடுமை பிறகு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவரின் பயம் மட்டும் குறையவில்லை. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியையும் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது: கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும். அதாவது வருடத்தில் சில நாள்தான் வண்டி சாலைக்கே வரும். அந்தச் சில நாளில் ஒன்றைப் பழுதுபார்த்த பெட்டியைச் சோதிக்கவே ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

சோதிக்கும் இடத்திலும் விஷயம் இருக்கிறது. கரோல்பாக்கிலோ மாயாபுரியிலோ பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்வந்து சாவியைக் கொடுப்பார்கள். சமதளத்தில், ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே போகிற வரை எந்தக் கியரும் கழலாது. தில்லி தட்டையான ஊர். மேடு என்றால் ரிட்ஜ்தான். வேலையில் நம்பிக்கையுள்ள மெக்கானிக்குகள், நெரிசலில்லாத விடிகாலையில் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். இரண்டாவது கியரில் ஏறி, மேட்டின் உச்சி தாண்டியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். வண்டியின் எடை முழுவதும் சாய்ந்த பற்களின் மறுபக்கத்தில் வந்து விழும். வலது கால் பிரேக்குக்கு மேலே தயாராக இருக்க, இடது கையை நெம்புகோலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கம் முடிகிறவரை நெம்புகோல் இருந்த இடத்திலேயே இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.